பால் சுறா

எங்களூரில் பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து முதலில் கடற்கரைக்குத்தான் ஆள் போகும், பால் சுறா வாங்க. அதை அவித்து, உதிர்த்து, உள்ளியும் மிளகும் கூடுதலாகப் போட்டு மூத்தம்மா வறுக்கும் வறையின் வாசம் ஒழுங்கை முழுக்க மணக்கும். முருங்கையிலைச் சுண்டலும் வெந்தயக் கஞ்சியும் அதற்குப் பிறகுதான்.

மூடப்பழக்கம் என்று இவற்றைத் தள்ள எனக்கு மனமில்லை. பெற்றவளுக்கு மீனும் கீரையும் நல்ல சாப்பாடுதானே. ஆனால் பால் ஊறுவது பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான். 1988இல் கடைசித் தங்கை பிறந்து மூன்றாம் நாளும் உம்மாவுக்குப் பால் போதவில்லை என்று வீடு கலங்கியது. மருத்துவிச்சிக் கிழவி கறிச்சட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. "சீனித்தண்ணியைத் தூக்கி வைங்க. புள்ளையை நெஞ்சில போடு மகள்" என்றாள். இரவிலும் விடாமல் எழுப்பினாள். இரண்டு நாளில் பால் கட்டிக்கொண்டது. பேர் என்னவோ சுறாவுக்குத்தான் போனது.

அதே கிழவிதான் முதல் நாள் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றச் சொன்னவள். பிள்ளைக்கு நோயெதிர்ப்புச் சக்தியைக் கொடுப்பதே அந்த மஞ்சள் பால் என்பது அன்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? வயிறு ஊதுமென்று தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தாள். பாலூட்டுகிறவளின் தாகம் சும்மா தாகமா! மூத்தம்மா அசர் தொழப் போகும் நேரம் பார்த்து உம்மா கண்ணைக் காட்டுவார். கொத்தமல்லி அவித்த தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றி, சாரனுக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.