"கிணத்துல தண்ணி இருந்தா ஏன்க்கா போறாங்க?"

பொங்கல் லீவுக்கு நாட்றாம்பாளையம் போயிருந்தேன். ஓசூரில் பி.காம் படிக்கும் சித்தி மகள், வாத்தியார் திருப்பிக் கொடுத்த அசைன்மென்ட்டோடு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். தலைப்பு, 'கிராமப்புற வேலைவாய்ப்பு'. எட்டுப் பக்கமும் நெட்டில் சுட்டது. லீவு முடிவதற்குள் மாற்றி எழுதாவிட்டால் இன்டர்னல் மார்க் போய்விடும்.

நான் திட்டவில்லை. டிப்ளமோ படிக்கும்போது நானும் இப்படி மாட்டியவள்தான்.

"நம்ம தெருவுல யார் யார் வெளியூர் வேலைக்குப் போறாங்க?" என்றேன்.

"ராகி அறுப்பு முடிஞ்சா பாதித் தெரு காலிக்கா. பெங்களூருக்குக் கட்டட வேலை, ஓசூருக்கு கம்பெனி வேலை. கிணத்துல தண்ணி இருந்தா ஏன்க்கா போறாங்க?"

அந்தக் கடைசி வரியை முதல் பத்தியில் எழுதச் சொன்னேன். பிறகு ஐந்து வீடுகளில் கேட்டு, எத்தனை பேர், எத்தனை மாதம் என்று குறித்து வந்தாள். அப்போது நடைமுறையில் இருந்த, 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தை வைத்து எழும் எதிர்க்கேள்விக்கும் ஒரு பத்தி வேண்டும் என்றேன். "மிச்சம் 265 நாளைக்கு?" என்று அடுப்படியிலிருந்து சித்தி கேட்டார். அதுவும் கட்டுரையில் ஏறியது.

நெட்டில் எடுத்ததில் இரண்டு தகவல்களை மட்டும், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டு வைத்துக்கொண்டோம். 2018-ல் வந்த யு.ஜி.சி விதிப்படி, ஆய்வேட்டில் 60 சதவிகிதத்துக்கு மேல் காப்பி என்றால் பதிவே ரத்து.

"பி.காமுக்குமா?" என்று பதறினாள்.

"பிஎச்.டி-க்குடீ. பழக்கம் இப்பவே வரட்டும்."

எட்டுப் பக்கம் மூன்றாகச் சுருங்கியது. "பக்கம் குறைஞ்சா மார்க் குறைப்பாங்களாக்கா?" என்றாள். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்கு, மூன்று பக்கத்தோடுதான் கிளம்பினாள்.