தேரியில் பெய்த பஞ்சு

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் ஓலைக்கூரையின் இறவாரத்திலிருந்து சொட்டுவது. வெயில் ஏறினால் போய்விடும். கூரைமேல் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் வெள்ளைக்காரன் ஊர்ப் பனியை நாங்கள் பார்த்ததெல்லாம் வாழ்த்து அட்டைகளில்தான். மெஞ்ஞானபுரம் கோவிலின் 192 அடிக் கோபுரம் தூரத்தில் ஊசிமுனையாகத் தெரியும் சிற்றூர் அது. ஒரு பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மணல், மற்றப் பக்கமெல்லாம் பனை. அந்த மண்ணிலும் டிசம்பர் தவறாமல் பனி பெய்தது. கிழிந்த தலையணையிலிருந்து ஆச்சி பிய்த்தெடுத்த இலவம்பஞ்சு.

மண்ணெண்ணெய் டின்னில் தேரிமணலை நிரப்பி, அதில் சவுக்குக் கிளையை நட்டு, பஞ்சை உதிர்த்துப் போடுவது அவளுடைய வேலை. மற்றவர்கள் போட்டால் கட்டி கட்டியாக விழுமாம். டின்னைச் சுற்றிச் சிந்தியிருக்கும் சிவப்பு மணலின்மேலும் கொஞ்சம் பஞ்சு விழும். அதைக் கூட்டிப் பெருக்க விடமாட்டாள்.

"எய்யா, ஏசாயா தீர்க்கதரிசி என்ன சொல்லுதாரு? செவேர்னு கெடக்க பாவமெல்லாம் பஞ்சு மாதிரி ஆயிரும்னுதான சொல்லுதாரு? நம்ம மண்ணப் பாரு. அதுக்கு மேல இது விழுந்தா என்ன அர்த்தம்?"

கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. மிஷன் போர்டிங் பள்ளியில் படித்தவள். வேதாகமத்தில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பெத்லகேமில் அன்றிரவு பனி பெய்ததாக மத்தேயுவும் எழுதவில்லை, லூக்காவும் எழுதவில்லை. ஐரோப்பாவின் குளிர்காலம் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி அனுப்பாமல், அதற்கு ஒரு வசனத்தைத் தேடிக் கொடுத்து வீட்டில் உட்கார வைத்தாள் ஆச்சி.

அலங்காரம் என்றால் எங்களுக்கு முதலில் வெள்ளையடிப்புதான். கோவிலில் பீடத்துணி கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிட்டால் அட்வெந்து வந்துவிட்டது என்று அர்த்தம். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, கொஞ்சம் நீலம் கலந்து, பனைநார் மட்டையால் சுவருக்கு அடிப்போம். ஜெர்மனியில் விகர்ன் என்ற போதகர் 1839ல் ஹாம்பர்க் அனாதைச் சிறுவர்களுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தி, பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ண வைத்தாராம். அட்வெந்து வளையம் அதிலிருந்து வந்தது. எங்களுக்கு நாள் எண்ண வளையம் எதுவும் இல்லை. எந்தச் சுவர் வரைக்கும் வெள்ளை வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

பனையேறிகளுக்கு மழைக்காலத்தில் வேலை குறைவு. பதநீர் இறங்க மாசி ஆகிவிடும். எனக்குச் சித்தப்பா முறை வேண்டிய ஒரு பனையேறி அந்த இடைவெளியில் ஊருக்கெல்லாம் நட்சத்திரம் கட்டுவார். காய்ந்த பனைமட்டையின் கருக்கைச் சீவித் தள்ளிவிட்டு, மட்டையை நீளவாக்கில் கீறி, விரல் கனத்தில் குச்சிகள் எடுப்பார். ஐந்து குச்சிக்கு ஒரு நட்சத்திரம். அப்படி இரண்டு கட்டி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, முனைகளை நாரால் இறுக்கி, நடுவில் சின்னக் குச்சிகளை முட்டுக் கொடுத்து விரிப்பார். அப்போது அதற்கு வயிறு வந்துவிடும். பட்டத்தாளை ஒட்டுவதற்கு மைதாப் பசை, கரப்பான் தின்னாமலிருக்க அதில் ஒரு சிட்டிகை துரிசு. உள்ளே சிம்னி விளக்கு. காற்றடித்த இரவுகளில் சில நட்சத்திரங்கள் எரிந்தும் போயின. எரிந்த வீட்டுக்காரர் முகத்தில் மறுநாள் ஈயாடாது.

ஏன் ஐந்து முனை என்று அவரிடம் கேட்டால், அஞ்சுக்குத்தான் குச்சி ஒழுங்காகச் சேரும் என்பார். ஆச்சியிடம் அதைவிட வேறு பதில் இருந்தது. முனை முனையாகத் தொட்டு, "ரெண்டு கையி, ரெண்டு காலு, இது விலா" என்பாள். பிறந்த பிள்ளைக்குக் கட்டிய விளக்கில் ஐந்து காயங்களை எண்ணுகிற அந்தத் துணிச்சல், சிறுவயதில் எனக்குப் பிடிக்கவில்லை. பண்டிகை நாளில் சாவுப் பேச்சு எதற்கு என்று இருந்தது. இப்போது யோசித்தால், ஞானிகள் கொண்டுவந்த வெள்ளைப்போளமும் பிணத்துக்குப் பூசுவதுதானே. மத்தேயுவே அந்தப் பேச்சை ஆரம்பித்துவிட்டார். ஜெர்மனியில் மொரேவியச் சபையார் கட்டும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரத்துக்கு எண்ணவே சலிக்குமளவுக்கு முனைகள். 19ஆம் நூற்றாண்டில் நீஸ்கி என்ற ஊரில் அவர்களுடைய பள்ளிப் பையன்களுக்கு வடிவகணிதம் சொல்லிக்கொடுக்கப் பிறந்தது அது. கணக்குப் பாடம் ஞானப்பாடமானதும் ஒரு நல்ல கதைதான்.

எங்கள் நட்சத்திரத்துக்கு வாலும் உண்டு, கீழே தொங்கும் வெள்ளைத்தாள் கற்றை. மத்தேயு வாலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இத்தாலிய ஓவியர் ஜொத்தோ, 1301ல் வானில் வந்த ஹாலி வால்நட்சத்திரத்தைக் கண்டு, பாதுவா நகரத்துச் சிற்றாலயச் சுவரில் மாட்டுக்கொட்டகைக்கு மேல் வரைந்துவைத்தார் என்கிறார்கள். அந்த வால் எப்படியோ எங்கள் பனையோலை ஊர்வரைக்கும் நீண்டுவிட்டது.

ஒருமுறை எங்கள் சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். ஞானிகள் வந்து பிள்ளையைக் கண்டது வீட்டில் என்றுதான் மத்தேயு எழுதியிருக்கிறார். நட்சத்திரம் நின்றதும் அதற்கு மேலேதான். அப்படியானால் வாசலில் நட்சத்திரம் கட்டுகிற ஒவ்வொருவரும், பிள்ளை இங்கே இருக்கிறார் என்று ஊருக்கு விளம்பரம் செய்கிறோம். தேடி உள்ளே வருகிறவனுக்கு யாரைக் காட்டப்போகிறோம் என்று கேட்டார். கோவிலில் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆச்சி அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டாள். நட்சத்திரம் தொங்குகிற நாட்களில் வந்தவர் யாரும் முறுக்கும் அதிரசமும் தின்னாமல் திரும்பியதில்லை. வளையல்காரர், உப்பு விற்க வருகிறவர், வட்டிக்காரர். வட்டிக்காரர் அதைத் தெரிந்துகொண்டு டிசம்பரில் அடிக்கடி வந்தார்.

மரத்துக்கு வருகிறேன். கடற்கரைப் பக்கத்துச் சவுக்கில் ஒரு கிளை வெட்டி வந்தால் தூரப் பார்வைக்கு வாழ்த்து அட்டையில் இருக்கிற ஊசியிலை மரம் மாதிரியே இருக்கும். அதில் தொங்கவிட எங்களிடம் இருந்தவை ஓலைக்கிளி, ஓலைப்பந்து, சாயம் பூசிய முட்டைக்கூடு, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றிய தீப்பெட்டி. பின்னாளில் படித்தபோது, ஐரோப்பியர் முதலில் தொங்கவிட்டது ஆப்பிள் என்று தெரிந்தது. பழைய காலண்டரில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அன்று ஏதேன் நாடகம் போடுவார்கள். மேடையில் விலக்கப்பட்ட மரமாக ஓர் ஊசியிலை மரம், கிளையில் ஆப்பிள். நாடகம் வழக்கொழிந்தது. மரம் மட்டும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. 1605ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒருவர் எழுதிவைத்த குறிப்பில், காகித ரோஜா, ஆப்பிள், நற்கருணையில் கொடுப்பது போன்ற மெல்லிய அப்பம் எல்லாம் மரத்தில் தொங்குகின்றன. பாவம் வந்த கனியும் பாவம் போக்கும் அப்பமும் ஒரே கிளையில். இன்று கடைகளில் விற்கிற பளபளக்கும் சிவப்புப் பந்து அந்த ஆப்பிளின் பேரன்.

ஆச்சிக்கு ஸ்ட்ராஸ்பர்க் தெரியாது. முன்னணையும் மரம், சிலுவையும் மரம் என்று மட்டும் சொல்வாள். மேல்நாடுகளில் சிலர் கிறிஸ்துமஸ் மரத்தின் அடித்தண்டை எடுத்துவைத்து, லெந்து நாட்களில் அதைச் சிலுவையாகக் கட்டுவார்களாம். எங்கள் சவுக்குத்தண்டு ஜனவரியில் கோழிக்கூட்டுக்குக் காலாகிவிடும்.

குடில் எங்கள் வீடுகளில் கிடையாது. சீர்திருத்தச் சபைக்காரர்கள் நாங்கள். சொரூபம் என்றால் கொஞ்சம் ஒதுங்கி நிற்போம். ஆனால் பார்க்க ஆசை. அதற்காக மணப்பாட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆச்சியோடு போர்டிங்கில் படித்த தோழி ஒருத்தி அங்கே பரதவர் வீடொன்றில் மருமகளாக இருந்தாள். கடலோரத்தில் சவேரியார் தங்கிய குகை, குன்றின்மேல் திருச்சிலுவைக் கோவில், வாசல்தோறும் குடில். வைக்கோல் கூரை, மண்ணில் ஆடுகள். இரண்டு வாரத்துக்கு முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்து, பச்சைப் பசேலென்று முளைக்க விட்டு, அதைப் புல்வெளியாக அடுக்கியிருப்பார்கள். எனக்கு மறக்காதது முன்னணைதான். 24ஆம் தேதி நடுச்சாமம் வரைக்கும் அது காலியாகவே இருக்கும். மரியாளும் சூசையும் மாடும் கழுதையும் ஒன்றுமில்லாத வைக்கோலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாலனை எங்கே என்று கேட்டதற்கு அந்த வீட்டுப் பாட்டி, "இன்னும் பெறக்கலயே" என்றாள், ஏதோ உள்ளறையில் பிரசவம் நடந்துகொண்டிருக்கிற மாதிரி.

1223ல் கிரெச்சோ என்ற இத்தாலிய மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் இதைச் செய்தபோது பொம்மைகளே இல்லை. முன்னணை, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை, அவ்வளவுதான்; அதன்மேல் திருப்பலி நடந்தது. அந்த மாடும் கழுதையும் லூக்காவின் பிறப்புக் கதையில் கிடையாது. மாடு தன் எஜமானையும் கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், என் ஜனத்துக்குத்தான் தெரியவில்லை என்று ஏசாயா அங்கலாய்க்கிறாரே, அங்கிருந்து வந்தவை. அதே முதல் அதிகாரத்தில் பதினைந்து வசனம் தள்ளித்தான் ஆச்சியின் பஞ்சு இருக்கிறது. மணப்பாட்டுக் குடிலும் எங்கள் டின் மரமும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை என்று அவளிடம் சொல்லியிருந்தால், "பின்னே?" என்றிருப்பாள்.

எல்லாவற்றுக்கும் அவளிடம் அர்த்தம் இருந்தது என்று நினைக்க வேண்டாம். பஜனைக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பஞ்சுத்தாடியோடு ஆடிவரும் கிறிஸ்துமஸ் தாத்தாவை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. "கூத்தாடி" என்று முடித்துவிட்டாள். அந்தத் தாத்தாவுக்கு மூலமான மீரா பட்டணத்து ஆயர் நிக்கொலாஸ், சீதனம் கொடுக்க வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவோடு இரவாகப் பொன்முடிப்பை எறிந்தார் என்ற கதையைக் கேட்டிருந்தால் மனம் மாறியிருப்பாள். சீதனத்தின் வலி தெரிந்த ஊர் எங்களுடையது. ஆனால் எங்கள் தாத்தா எறிந்ததெல்லாம் ஆரஞ்சு மிட்டாய்.

நட்சத்திரம் கட்டிய சித்தப்பாவின் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பனையேறவும் ஆளில்லை, மட்டை கீறவும் ஆளில்லை. இப்போது வருகிற பிளாஸ்டிக் நட்சத்திரம் மழையில் நனையாது, காற்றில் எரியாது, மடக்கி அலமாரியில் வைக்கலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ஆச்சியின் பேச்செல்லாம் கை வேலையாக இருந்த நேரத்தில் வந்தது. பசை காயவேண்டும், நார் ஊறவேண்டும். அந்தக் காத்திருப்பில் பிள்ளைகள் கேட்டார்கள், அவள் சொன்னாள். பெட்டியிலிருந்து எடுத்து பிளக்கில் செருகுகிற நட்சத்திரத்துக்கு முனை எத்தனை என்று என் பேத்தி இன்றுவரை கேட்கவில்லை.

கோவிலுக்கு மின்சாரம் வராத காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவில் முற்றத்துக் கம்பத்தில் பெரிய நட்சத்திரம் ஏற்றுவார்கள். புதுவருஷ ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அதை இறக்கப்போனார். பண்டிகைதான் முடிந்துவிட்டதே, எண்ணெய் எதற்கு வீண் என்பது அவர் நியாயம். ஆச்சி போய் வழிமறித்தாள்.

"சாஸ்திரிமாரு ஆறாந்தேதிதான் வந்து சேருதாங்க. இன்னும் வழியில நிக்கிற ஆளுகளுக்கு வெளக்க அணைச்சா எப்பிடி? மறுபடியும் ஏரோதுகிட்டப் போயி வழி கேக்கவா?"

உபதேசியாருக்கு வேதம் தெரியும். அதனால் பதில் சொல்ல முடியவில்லை. "அப்ப எண்ணெய்க்கு?" என்றார். ஆச்சி அன்று சாயங்காலமே ரேஷன் மண்ணெண்ணெய் ஒரு பாட்டில் என் கையில் கொடுத்தனுப்பினாள். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏழாந்தேதி காலையில எறக்கிருவேன், ஒங்க ஆச்சிகிட்ட இப்பமே சொல்லிரு" என்றார்.