காளி கோயிலருகே ஒரு வாசல்

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும் நம்மவர், காளிகாட் கோயிலுக்கும் தவறாமற் செல்வர். கோயிலை ஒட்டினாற்போலுள்ள மற்றொரு வாசலில் நுழைந்தவர் சிலரே. நாங்களும் பல்லாண்டுகள் செம்பருத்தி மாலையும் கையுமாக அதனைக் கடந்து போனவர்கள்தாம்.

அதுவே நிர்மல் ஹிருதய். முன்னர் யாத்திரிகர் தங்கும் சத்திரமாயிருந்த கட்டடம். தெருவோரத்தில் உயிர் விடக் கிடப்போருக்கு ஓரிடம் வேண்டுமென்று அன்னை தெரசா கேட்க, கல்கத்தா நகரசபை அதனை அளித்தது. 1952 ஆகஸ்டில் இல்லம் திறக்கப்பெற்றது. கோயிலருகே பிற மதத்தார் இல்லமா என்று அக்காலத்தில் எதிர்ப்பும் எழுந்தது. வலி தணிக்கும் வலுவான மருந்துகள் அங்கில்லையென 1994-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆசிரியர் குறை எழுதினார். அதனை நாங்கள் மறுப்பதற்கில்லை. படித்த பின்னரே சென்றோம்.

2005-ஆம் ஆண்டின் மழைக்காலம். நோயாளிகளுக்குச் சோறூட்டும் எண்ணத்துடன் சென்ற எங்கள் நால்வருக்கும் கிடைத்தது துணி துவைக்கும் வேலை! அலசிய கம்பளியை இருவர் இரு முனையிலும் பற்றி எதிரெதிராக முறுக்கிப் பிழிய வேண்டும். எங்களுடன் பிழிந்தவர் ஸ்பெயின் தேசத்து இளைஞர். எங்கள் கைகளின் வலுவைக் கண்டு சிரித்தார். பேனா பிடித்தே பழகிய கைகள் அரைமணியிற் சிவந்துவிட்டன. பிறகு மொட்டைமாடியில் உலர்த்த வேண்டும். மழை வந்தால் ஓடி வாரிக்கொள்ளவும் வேண்டும்.

மூன்றாம் ஞாயிறன்று ஒரு சகோதரி மாடிக்கு வந்து, “உங்கள் பக்கத்து மொழி போலிருக்கிறது, வந்து கேளுங்கள்” என்றார். விரைந்தோம். ஊரைச் சொல்வார், உறவினருக்கு எழுதிவிடலாம் என்று படியிறங்குவதற்குள் மனம் கணக்குப் போட்டுவிட்டது. கட்டிலிற் கிடந்த முதியவர் பேசியதோ தெலுங்கு. எங்களில் எவருக்கும் அம்மொழி தெரியாது. அவர் நெடுநேரம் சொன்னார். ஊர்ப்பெயரும் அதில் இருந்திருக்கலாம். ‘நீள்ளு’ என்ற ஒரு சொல் மட்டும் விளங்கிற்று. தண்ணீர் கொடுத்தோம். பாதி கழுத்தில் வழிந்தது.

அன்று மாலையே தெலுங்கறிந்த அன்பர் ஒருவரைக் கண்டு பேசினோம். அவரும் வர இசைந்தார். ஆயினும், எல்லோருக்கும் அலுவலகம் இருந்ததால் அடுத்த ஞாயிறென்று வைத்துக்கொண்டோம். மறுநாட் காலையே சென்றிருக்கலாம். காளிகாட் எங்கள் வீடுகளிலிருந்து நடக்கும் தூரந்தான்.

ஞாயிறன்று அக்கட்டிலில் வேறொருவர் உறங்கிக்கொண்டிருந்தார். சகோதரியிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தெலுங்கு அன்பர் சற்று நின்றார். பின்னர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துணித்தொட்டி எங்கேயென்று வினவினார்.