காத்திப்களின் நாளிதழ்

சேப்பாக்கத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் கண்ணில் படாத சிறிய நாளிதழ் அலுவலகம் அது. திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலை ஒட்டி இருக்கிறது. ‘முசல்மான்’ என்ற உருது மாலை நாளிதழை 1927-ல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கினார். அதே ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் எம்.ஏ. அன்சாரிதான் அதைத் தொடங்கிவைத்தவர். உலகமே கணினிக்கு மாறிய பிறகும் இந்த நாளிதழ் கையால் எழுதப்பட்டே வந்தது. செய்தி எழுதிப் பிழைக்கும் எனக்கு, அந்தக் கைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் போய் உட்கார்ந்தேன்.

அப்படிக் கையால் எழுதும் கலைஞர்களைக் காத்திப் என்கிறார்கள். செய்தி ஆங்கிலத்தில் வந்தால் முதலில் உருதுவாக்கப்பட்டது. பிறகு தாளில் பத்தி பிரித்து, காத்திப் எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம். எழுதிய பக்கத்தைப் படமெடுத்து, நெகட்டிவ் எடுத்து, தகட்டில் ஏற்றி ஆஃப்செட்டில் அச்சடித்தார்கள். இயந்திரத்துக்கு வேலை அங்கேதான் ஆரம்பம். அதுவரை எல்லாமே கை, மை, பேனா.

மூத்த காத்திப் ஒருவர், “பக்கத்துல வந்து பாருங்க தம்பி” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். பேனாவின் முனை பட்டையாக, சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. தாளில் அதை ஒருமுறை அழுத்தி எடுத்தால் சாய்சதுரப் புள்ளி விழுகிறது. உருதுவை எழுதும் நஸ்தாலீக் என்ற எழுத்து வடிவத்துக்கு அந்தப் புள்ளிதான் அளவுகோல். அலிஃப் என்ற முதல் எழுத்து ஏறத்தாழ மூன்று புள்ளி உயரம். மற்ற எழுத்துகளின் வளைவும் அகலமும் இதே கணக்கில்தான். பேனா மாறினால் புள்ளி மாறும், புள்ளி மாறினால் எழுத்தின் அளவும் மாறும். தலைப்புக்கு அகலப் பேனா, செய்திக்குச் சன்னப் பேனா. எழுதும்போது அவர் மணிக்கட்டு அசையவில்லை என்றே சொல்லலாம். சொற்கள் வலது மேலிருந்து இடது கீழாகச் சரிந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

அந்தச் சரிவுதான் உருது அச்சை நெடுங்காலம் திணறடித்தது. ஒரே எழுத்து, பக்கத்தில் எந்த எழுத்து வருகிறது என்பதைப் பொறுத்து உருவம் மாறும், உயரமும் மாறும். ஈய அச்சில் இதை அடுக்கி மாளாது. அதனால்தான் உருது இதழ்கள் கையால் எழுதிக் கல்லச்சில் அடித்தன. 1981-ல் பாகிஸ்தானின் அகமது மிர்சா ஜமீல், ஏறக்குறைய 20,000 கூட்டெழுத்துகளை வரைந்து நூரி நஸ்தாலீக் என்ற கணினி எழுத்துருவை உருவாக்கினார். அங்கே ‘ஜங்’ நாளிதழ் அதற்கு மாறியது. பின்னால் உருதுப் பக்கங்களைக் கணினியில் அமைக்கும் இன்பேஜ் மென்பொருள் வந்தது. ஊர் ஊராகக் காத்திப்களின் இருக்கைகள் காலியாயின.

எனக்கு உறைத்தது வேறொன்று. காத்திப் நகல் எடுப்பவர் மட்டும் அல்ல. எந்தச் செய்தி எத்தனை வரி தாங்கும், எங்கே இறுக்க வேண்டும், எங்கே இளக்க வேண்டும் என்று கணக்கிட்டே எழுதுகிறார். பக்கம் அமைப்பவரும் பிழை பார்ப்பவரும் அவரே. பாதியில் பிழை வந்துவிட்டால் பக்கத்தையே திரும்ப எழுத நேரலாம். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தின் ஒரு மூலை வெறுமையாகவே காத்திருக்கும். நாளிதழின் ஒவ்வொரு சொல்லையும் வாசகருக்கு முன்பே நிதானமாகப் படித்துவிட்டவர் அவர்தான். நாமோ திரையில் எழுதியதை மறுபடி படிக்காமலே அனுப்பிப் பழகிவிட்டோம். பரபரப்புக்காக ஒரு பொய்த் தலைப்பு போட, மூன்று மணி நேரம் குனிந்து எழுதுகிற கைக்கு மனம் வராது என்று நம்புகிறேன்.

‘முசல்மான்’ அலுவலகம் செய்தியோடு நின்றுவிடவில்லை. உருதுக் கவிஞர்களும் எழுத்தாளர்களும் வந்து பேசிப் போகிற இடமாகவும் அது இருந்தது. நிறுவனரின் மகன் சையத் ஃபஸ்லுல்லா 2008-ல் மறையும்வரை ஆசிரியராக இருந்தார். பிறகு பொறுப்பேற்றவர் அவர் மகன் சையத் ஆரிஃபுல்லா. காத்திப்களில் பெண்களும் இருந்தார்கள். நிருபர்களில் இந்துக்களும் இருந்திருக்கிறார்கள். விலையோ நெடுங்காலம் வெறும் 75 காசு. ஏழை வாசகரும் வாங்கிப் படிக்க வேண்டும் என்ற அக்கறை இல்லாமல் அந்த விலைக்கு ஒரு நாளிதழைக் கொடுக்க முடியாது.

ஆனால் அந்த அக்கறையின் சுமையில் ஒரு பங்கு காத்திப்களின் தலையிலும் விழுந்தது. நுணுக்கமான வேலை, சொற்பக் கூலி. பல ஆண்டுப் பயிற்சி கேட்கும் தொழிலுக்கு, இந்த வருமானத்தை நம்பி எந்த இளைஞர் வருவார்? தமிழ்நாட்டில் உருது பேசும் வீடுகளின் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ தமிழிலோதான் படிக்கிறார்கள். எழுதும் கையும் குறைகிறது, படிக்கும் கண்ணும் குறைகிறது. உருது மொழி வளர்ச்சிக்கான தேசியக் குழு இந்த எழுத்துக் கலைக்குப் பயிற்சி தருகிறது. பயிற்சிக்குப் பின் வேலை இருந்தால்தான் அது நிலைக்கும். புத்தக அட்டைகள், பள்ளிப் பாடநூல்கள், பெயர்ப் பலகைகள் என்று இந்தக் கைகளுக்கு வேலை தர எத்தனையோ வழிகள் இருக்கின்றன. அதைச் செய்ய வேண்டியவர்கள் அரசும் பதிப்பாளர்களும். இதழியல் படிக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: ஒரு நாளாவது ஒரு காத்திப்பின் பக்கத்தில் போய் உட்காருங்கள். செய்திக்குப் பொறுப்பேற்பது என்றால் என்ன என்பதை எந்த வகுப்பறையும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத் தராது.