அகலக் கால்சட்டை

தலைநகருக்குப் படிக்க வரும் நம்மவர்களுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள் சில உண்டு. ஹிந்தி ஒன்று, ஜனவரிக் குளிர் ஒன்று, எல்லாக் குழம்பிலும் தலைகாட்டும் பனீர் ஒன்று. இவற்றைப் பற்றிச் சங்க மலரில் ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். ஆகவே நான் எடுத்துக்கொண்டிருப்பது கால்சட்டையை. நண்பர்கள் சிரிக்காமல் படிக்க வேண்டும்.

நான் திருநெல்வேலியில் பள்ளியில் படித்த காலத்தில், ஜீன்ஸ் என்றால் காலோடு ஒட்டிக் கிடப்பது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. பருத்தி நூலோடு எலாஸ்டேன் என்ற இழுபடும் இழையைச் சிறிது கலந்து நெய்த துணி அது. உடம்பு போகும் வழியெல்லாம் தானும் போகும். என் தாயாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "அது உடுப்பா, மேல்தோலா?" என்பார்கள். நான் டில்லிக்கு ரயிலேறியபோது அவர்கள் போட்ட நிபந்தனைகள் மூன்று. அவற்றுள் இரண்டு உணவைப் பற்றியவை. மூன்றாவது இதுதான்.

இங்கே வந்து பார்த்தால் காற்று மாறியிருந்தது. கமலா நகர்க் கடைத்தெருவிலும் சரோஜினி நகர்ச் சந்தையிலும் தொங்கியவை வேறு இனம். தொப்புளுக்கு நேரே இறுகப் பிடித்து, அங்கிருந்து தரைவரை நேராக, அகலமாக இறங்குகிறவை. 1970களில் நம் பெரியப்பாமார் அணிந்து புகைப்படம் எடுத்துக்கொண்ட பெல்பாட்டத்தோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. பெல்பாட்டம் முழங்கால்வரை இறுகி வந்து, அதன் கீழ் மணியைப்போல் விரியும். இதுவோ தொடையிலேயே தளர்ந்துவிடுகிறது.

இந்தக் கால்சட்டையின் மேல் எனக்கு ஆசை உண்டானதற்கு அழகு மட்டும் காரணமன்று. அதில் பை இருக்கிறது! சுடிதாரில் கைப்பேசியைக் கையிலும், சாவியைத் தோள்பையின் அடியிலும், மெட்ரோ அட்டையை வாயிலும் வைத்துக்கொண்டு திண்டாடும் பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இரவு எட்டு மணிக்கு ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு விடுதிக்குத் தனியே நடப்பவளுக்கு இரண்டு கையும் வீசி நடக்க வேண்டும். வேண்டுமானால் ஓடவும் வேண்டும். இதைத் தாயாரிடம் சொல்லவில்லை. துப்பட்டா நகரும் படிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் சொன்னேன்.

ஆனால், அகலக் கால்சட்டையை வாங்குவது எளிது. அதற்குப் பொருத்தமாக உடுத்துவது பெரிய வித்தை. நம் ஊர் வழக்கப்படி முழங்கால்வரை தொங்கும் குர்த்தாவை மேலே போட்டுக்கொண்டால் மேலும் அகலம், கீழும் அகலம். கூடாரம் ஒன்று எழுந்து நடப்பது போலிருக்கும். ரோத்தக்கிலிருந்து வந்த என் அறைத்தோழி இதற்கு ஒரே மருந்து சொன்னாள்: வயிறு தெரியும் குட்டைச் சட்டை. அவளுக்கு அது வெகு அழகாக இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. டில்லிக் குளிருக்கும் அது ஒப்பாது.

வழி காட்டியது சேலைதான். சேலை எதனால் நிற்கிறது? ஒரே இடத்தில் இறுக்கம்; அங்கிருந்து கீழே எல்லாம் துணியின் பாரம். உள்பாவாடை நாடா சரியான இடத்தில் இருந்தால் கொசுவம் தானே விழும். கரை தரையைத் தொடாமல், செருப்பையும் காட்டாமல் நிற்கும். நாடா இரண்டு விரற்கடை இறங்கினால் முழுச் சேலையும் சோர்ந்துபோகும். இந்தக் கால்சட்டைக்கும் இலக்கணம் அதுவே. இடுப்பு தெரிய வேண்டும். மற்றதைத் துணி பார்த்துக்கொள்ளும். இடுப்புத் தெரிவதற்கு வயிறு தெரிய வேண்டிய அவசியமில்லை. சாதாரணப் பருத்திச் சட்டையை உள்ளே செருகினால் போதும். அல்லது சேலை ரவிக்கையைவிடச் சற்றே நீளமான, இடுப்புப் பட்டி வரை வரும் மேற்சட்டை போதும். குளிர்காலத்தில் அதன்மேல் குட்டைக் கம்பளிச் சட்டை. பாவாடை தாவணி கட்டி வளர்ந்தவளுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

கடைகளில் கிடைத்தவை இடுப்புக்குச் சரியாக இருந்தால் நீளத்தில் ஒரு சாண் மிஞ்சின. ஆகவே மோகன் சிங் பிளேஸுக்குப் போனேன். கன்னாட் பிளேஸில், மேல்மாடியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, அந்தக் கட்டிடந்தான். அளவெடுத்து ஜீன்ஸ் தைப்பதில் பெயர்பெற்ற இடம். தையற்காரர் ஜீன்ஸ் தைப்பதில் வியப்பொன்றுமில்லை. ஜீன்ஸின் மூட்டுகளில் செப்பு ஆணி அடிக்கும் யுக்தியைக் கண்டவர் அமெரிக்காவில் ரீனோ நகரத்துத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ். அவரும் துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873 மே 20இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். நம் நாட்டிலும் 1995இல் அரவிந்த் ஆலையார் துணி, ஜிப், ஆணி எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டி, ஊர்த் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளும்படி விற்றார்கள்.

"இடுப்பு எங்கே?" என்று கேட்டார் முதியவரான தையற்காரர். உள்பாவாடை நாடா கட்டும் இடத்தைக் காட்டினேன். "சேலை கட்டுகிற பெண் சொன்னால் சரியாக இருக்கும்" என்று நாடாவைச் சுற்றினார். அடியில் ஒரு காலுக்கு 22 அங்குலச் சுற்று. துணி கனமான முழுப் பருத்தி, எலாஸ்டேன் இல்லை. கனமில்லாத துணி இந்த வெட்டில் விழாது, பறக்கும்.

அன்று இரவு தாயாரோடு பேசுகையில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பதிலில்லை. ஒட்டுகிற ரகம் இல்லை என்று விளக்கினேன். பாவாடையை இரண்டாகப் பிளந்தது போல் என்றேன். அவர்கள் அக்கம்பக்கத்தாருக்குச் சேலை ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர்கள். ஆகவே கோபத்தைத் தொழில் வென்றுவிட்டது.

"ஏட்டி, ஓரம் அடிச்சிட்டானா?"

"இன்னும் இல்லம்மா."

"அடிக்க விடாத. ஃபால்ஸ் துணியையே நனைச்சுக் காயப்போட்டுத்தான் நான் தைக்கேன். பருத்தின்னா சுருங்கும்லா? வாங்கிட்டு வந்து ரெண்டு தடவ துவை. பொறவு, எந்தச் செருப்பு போடுவியோ அதப் போட்டுக்கிட்டு நின்னு அளவெடு."

தையற்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் அம்மாவும் நம் தொழிலா?" என்றார்.

துவைத்தபோது வாளி முழுவதும் நீலம். ரசாயனம் படிக்கிறவள் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. நம் திண்டிவனம் பக்கத்தில் விளையும் அவுரியின் நீலமும் இதுவும் மூலக்கூற்றளவில் ஒன்றே. 1897 முதல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். ஆலை அதைச் செயற்கையாகச் செய்து விற்கத் தொடங்கியது. இந்தச் சாயம் தண்ணீரில் கரையாது. ஆக்சிஜனை நீக்கி ஒடுக்கினால் மஞ்சள் பச்சையாகக் கரையும். அதில் நூலைத் தோய்த்துக் காற்றில் தூக்கினால் மறுபடி நீலமாகி நூலின் மேற்புறத்திலேயே தங்கிவிடும். உள்ளே நூல் வெள்ளையாகவே இருக்கிறது. அதனால்தான் உராயும் இடமெல்லாம் ஜீன்ஸ் வெளுக்கிறது. உடுத்துகிறவர்கள் இதில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு: புதிய ஜீன்ஸுக்குள் முதல் சில வாரங்கள் வெள்ளைச் சட்டையைச் செருகக் கூடாது. என் தோழியின் வெள்ளைச் சட்டைக்கு இன்று இடுப்பைச் சுற்றி ஒரு நீல ஒட்டியாணம் இருக்கிறது.

இரண்டு துவைப்பில் நீளம் முக்கால் அங்குலம் குறைந்தது. நாள்தோறும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அணியும் மூடிய காலணியைப் போட்டுக்கொண்டு நின்று, தரைக்கு மேல் அரை அங்குலம் விட்டுக் குறித்தோம். சற்றுக் கூடவே விடலாமென்று தோழிக்கு எண்ணம். ஜூலை மழையில் டில்லித் தெருவில் நிற்கும் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் பருத்தியில் ஏறும் என்பது அவளுக்கும் தெரியும்; ஆனால் அவள் படிப்பது வரலாறு.

ஓரம் அடித்து முடிந்த நாளில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துத் தாயாருக்குக் காட்டினேன். திரும்பச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், உட்கார்ந்து எழச் சொன்னார்கள். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. "பை எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்கள். கையை மணிக்கட்டுவரை விட்டுக் காட்டினேன். "அதுல விசிலு ஒண்ணு போட்டு வையி, ராத்திரி வாறவ" என்றார்கள். நான் சொல்லாமல் மறைத்ததை எப்படித்தான் கண்டுகொண்டார்களோ!

பிறகு, "வெட்டுன துண்டக் கீழ போட்டுறாத" என்றார்கள். போடவில்லை. கால் இரண்டிலிருந்தும் வந்த அந்த நீல வளையங்களை மடித்துத் தைத்து, ஆராய்ச்சிக்கூடத்தில் சூடான குடுவையைப் பிடிக்க வைத்திருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரர்கள் இரவல் கேட்கிறார்கள்.