தட்டிப் பார்க்க முடியாத பண்டம்

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். கடைக்காரர் முறைத்தாலும் லட்சியம் செய்யாமல் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். பட்டுப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம். கடையிலுள்ள அத்தனையையும் பிரித்துப் போடச் சொல்லி, தலைப்பை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் விலையையே விசாரிக்கிறோம். இவ்வளவு கெட்டிக்காரர்களான நம் வீட்டுப் பெண்மணிகள் ஒரே ஒரு சாமானை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். அல்லது, "வரும்போது இரண்டு வாங்கிண்டு வந்துடுங்கோ" என்று கணவரிடம் சொல்லிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். ஒன்றும் எழுதாத வெற்று டி.வி.டி. தகட்டைத்தான் சொல்கிறேன்.

"இந்தக் காலத்தில் அதை யார் வாங்குகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சினிமாப் பார்க்கக் கைத்தொலைபேசியே போதுமென்று ஆகிவிட்டது. புதிதாக வரும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகடு போடுவதற்கு இடமே கிடையாது. ஆனால் உங்கள் வீட்டுப் பீரோவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். 2003, 2004-லிருந்து ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் கல்யாணம் நடந்த வீடாக இருந்தால், பட்டுப் புடவைகளுக்கு அடியில் கனத்த ஆல்பம் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை படம் போட்ட உறைக்குள் இரண்டு மூன்று தகடுகள் இருக்கும். 'கல்யாண சி.டி.' என்று நாம் அதற்குப் பெயர் வைத்திருந்தாலும் பெரும்பாலும் அது டி.வி.டி.தான். ஆல்பத்தைப் போல அதுவும் பேரன் பேத்தி காலம் வரைக்கும் இருக்கும் என்பது நம் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. கடையில் விற்ற சினிமாத் தகடு வேறு, ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த தகடு வேறு. சினிமாத் தகட்டில் படமும் பாட்டும் சின்னஞ்சிறு பள்ளங்களாக அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன. கல்யாணத் தகட்டில் அப்படியில்லை. அதற்குள் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. லேசர் கதிர் அந்தச் சாயத்தை அங்கங்கே சுட்டு அடையாளம் வைக்கிறது. அந்த அடையாளங்கள்தான் உங்கள் மாங்கல்யதாரணம், ஊஞ்சல், நலங்கு எல்லாம். சாயம் என்றால் ஒரு நாள் வெளுக்கும் என்று புடவை கட்டும் நமக்குச் சொல்லித் தரவேண்டுமா?

மேற்கு மாம்பலத்தில் என் அத்தை ஒருத்தி இருக்கிறாள். அவள் பெண்ணுக்கு 2006-ல் கல்யாணம். அத்திம்பேர் 2012-ல் காலமாகிவிட்டார். அவருடைய போட்டோக்கள் வீடு நிறைய இருக்கின்றன. குரல் மட்டும் அந்தக் கல்யாணத் தகட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. போட்டோ எடுக்க வந்தால் விறைத்து நிற்பாரே தவிர, டெலிபோனில்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷர். கல்யாணத்தன்று மட்டும், பெண்ணைக் கொடுத்த நிம்மதியிலோ என்னவோ, மண்டப வாசலில் நின்றுகொண்டு போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "தாம்பூலப் பை வாங்கிண்டேளா? தேங்காய் இருக்கா, பாருங்கோ" என்று விசாரித்திருக்கிறார். வீடியோக்காரர் அதை விடாமல் எடுத்திருக்கிறார். இரண்டாவது தகட்டின் கடைசியில் அது வரும்.

போன தீபாவளிக்கு முன்னால் அத்தை எனக்குப் போன் செய்தாள். "ஏண்டி, நீ பத்திரிகையிலே இருக்கியே, உனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குமே. அந்த சி.டி. எங்கேயோ சிக்கிண்டு நின்னுடறது" என்றாள். போய்ப் பார்த்தேன். டெலிவிஷனில் அத்திம்பேர் கைகூப்பியபடி, வாய் பாதி திறந்தபடி, சதுரம் சதுரமாக உடைந்து நின்றுகொண்டிருந்தார். குரல் வரவில்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பிளேயரை நிறுத்திவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டாள்.

டி.வி.டி.யில் எழுத்து நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிச் செல்கிறது. கெடுவதோ பெரும்பாலும் ஓரத்திலிருந்து. ஆகவே கல்யாண வீடியோக்களில் வழியனுப்பும் காட்சிகளுக்குத்தான் முதல் ஆபத்து. அலுவலகத்தில் ஒரு சகாவிடம் வேறு மாதிரி டிரைவ் இருந்தது. ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை இன்னொன்று படித்துவிடுவதுண்டு. கெட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் புரோகிராம் ஒன்றையும் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்தது. முடியும்போது மணி பத்து. அத்திம்பேரின் தேங்காய் விசாரணை முழுதாகக் கிடைத்துவிட்டது. அதற்குப் பின்னால் வாத்தியார் தட்சிணை எண்ணும் காட்சி இரண்டு நிமிஷம் போயே போய்விட்டது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

இதில் ஒரு விசித்திரம் கேளுங்கள். அதற்கு முந்திய வருஷம்கூட அத்தை அந்தத் தகட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு தடங்கலும் இல்லையாம். இருந்திருக்காதுதான். தகட்டில் எழுதும்போதே பிழை திருத்தத்துக்கென்று உபரியாகச் சில தகவல்களையும் சேர்த்து எழுதுகிறார்கள். அங்கங்கே சாயம் கெட்டாலும் பிளேயர் அவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, விட்டுப்போனதை நிரப்பிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோலக் காட்டிக்கொண்டிருக்கும். அரிசி டப்பாவின் அடி தெரிந்தபோதும் விருந்தாளிக்குத் தெரியாமல் சமாளிக்கிற இல்லத்தரசி மாதிரி. சமாளிக்க முடியாத அளவுக்குப் பிழை பெருகிய அன்றுதான் விஷயம் வெளியே வரும். ஆகவே 'இப்போது நன்றாக ஓடுகிறதே' என்பது ஒரு அத்தாட்சியே அல்ல. ஓடுகிறபோதே பிரதி எடுத்துவிட வேண்டும். கேஸட்டிலிருந்து கேஸட்டுக்கு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் மங்கும். தகட்டில் அந்தக் கவலை கிடையாது, பிரதியும் மூலமும் ஒன்றே.

(கடையில் வாங்கிய சினிமாவைப் பிரதி எடுப்பது வேறு கதை. அதில் பூட்டும் உண்டு, சட்டமும் உண்டு. நான் பேசுவது நம் வீட்டுச் சொத்தைப் பற்றி.)

பிரதி எடுக்கத் தகடு வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டுப் பக்கத்தில் உள்ள அந்தத் தெருவில் கிடைக்காத மின்சாரச் சாமான் இல்லையென்பார்கள். "எது நல்லது?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே சரக்குதான் மேடம், பேர்தான் வேற வேற" என்றார் கடைக்காரர். என்னைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அவரை அறியாமல் வேத வாக்கைச் சொல்லிவிட்டார்.

பெட்டியின் மேலிருக்கும் பெயர் வேறு, தகட்டைச் செய்த தொழிற்சாலை வேறு. உலகப் பிரசித்தமான பெயர்களைத் தாங்கிய தகடுகள்கூடத் தைவானிலும் இந்தியாவிலும் வேறு கம்பெனிகளால் செய்யப்பட்டு வந்திருக்கின்றன. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே விலை. போன வருஷத்துச் சரக்கு ஓர் ஆலை, இந்த வருஷத்துச் சரக்கு வேறோர் ஆலை. இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் செய்தவரின் அடையாளக் குறி பதிந்திருக்கும். கம்ப்யூட்டரில் போட்டு, 'இம்க்பர்ன்' போன்ற இலவச புரோகிராம் ஒன்றில் பார்த்தால் அது தெரியும். எம்.சி.சி. என்று ஆரம்பித்தால் மிட்சுபிஷி கெமிகல், டி.ஒய்.ஜி. என்றால் ஜப்பானின் தையோ யூடன், சி.எம்.சி., ரைடெக் என்றால் தைவான், எம்.பி.ஐ. என்றால் நம்முடைய மோசர் பேயர். இந்தக் குறியையே போலியாகப் பதித்தவர்களும் உண்டென்பதால் அதையும் முழுக்க நம்புவதற்கில்லை. முத்திரையில் கூடக் கள்ளம் இருக்கிற உலகம்தானே.

இந்தப் பெயர்களில் சிலவற்றின் கதை கொஞ்சம் சோகமானது. எழுதக்கூடிய சி.டி.யை 1988-ல் முதன்முதலில் கொண்டுவந்தவர்கள் தையோ யூடன்காரர்கள். அவர்கள் தகட்டுக்கு இருந்த மதிப்பு வேறெதற்கும் இல்லை. 2015 முடிவில் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்கள். 34 ரூபாய்க்கு சினிமா டி.வி.டி. விற்று 2007-ல் நம் நாட்டையே ஒரு கலக்குக் கலக்கிய மோசர் பேயருக்கு 2018-ல் கலைப்பு உத்தரவு வந்தது. மிட்சுபிஷி கெமிகல், தன் வெர்பாடிம் வியாபாரத்தைத் தைவானின் சி.எம்.சி. மேக்னடிக்ஸுக்கு விற்பதாக 2019-ல் அறிவித்தது. ஆயிரம் வருஷம் தாங்கும் என்று சொல்லி எம்-டிஸ்க் என்ற தகட்டைச் செய்த அமெரிக்கக் கம்பெனி, 2016-ல் தானே திவாலாயிற்று! தகடு இன்னும் கிடைக்கிறது; சாயமில்லாத அதன் பூச்சு உறுதியானதுதான், ஆனால் அதற்கேற்ற எழுதும் கருவி வேண்டும்.

இந்தக் கதைகளால் நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். "பழைய ஜப்பான் சரக்கு, இப்போ கிடைக்கவே கிடைக்காது" என்று யாராவது ஆசை காட்டினால் வாங்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். எழுதாத தகட்டுக்கே வயசு உண்டு. தகடுகளைப் பராமரிப்பது பற்றி அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையம் 2003-ல் ஒரு கையேடு போட்டது. எழுதாமல் வைத்த தகடு ஐந்திலிருந்து பத்து வருஷம் வரை தாங்கும் என்கிறது அது. வடாம் போல நாள்பட்டால் ருசி கூடுகிற பண்டமல்ல.

அன்று மூன்று பெயர்களில், பெட்டி பிரிக்காத புதுச் சரக்காக, ஐந்தைந்து தகடுகள் வாங்கினேன். காகித உறையில் உதிரியாக இருந்தவற்றைத் தொடவில்லை. திரும்பத் திரும்ப அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. வகையையும், இரண்டு அடுக்குள்ள 8.5 ஜி.பி. வகையையும் ஒதுக்கிவிட்டேன்; நிரந்தரமாக வைப்பதற்கு ஒருமுறை மட்டும் எழுதும் 4.7 ஜி.பி. தகடுதான் ஏற்றது. (கம்ப்யூட்டர் அதை 4.38 என்றுதான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். அவர் ஆயிரமாயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.) மைனஸா பிளஸா என்று பெரிய பட்டிமன்றமே நடத்துவார்கள். இன்றைய டிரைவ்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டில் ரொம்பப் பழைய பிளேயர் இருந்தால் மைனஸ் வாங்கலாம்.

வீட்டுக்கு வந்து குறியைப் பார்த்தால், மூன்று பெயர்களில் இரண்டு ஒரே ஆலை! அந்த இரண்டுக்குள் விலை வித்தியாசம் மட்டும் இருந்தது.

எழுதும் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் 16 என்று போட்டிருப்பதால் 16-ல்தான் எழுத வேண்டுமென்பதில்லை. தோசைக்கல் அதிகம் காய்ந்தால் தோசை தீயும், காயாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அதுபோல 16 போட்ட தகட்டுக்கு 8 நல்ல சூடு. முழுத் தகட்டுக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். எழுதி முடித்ததும் டிரைவிலிருந்து எடுத்துவிடாமல், 'சரிபார்' என்று கட்டளை கொடுக்க வேண்டும். மூலத்தோடு ஒவ்வொரு எழுத்தாக அது ஒப்பிட்டுப் பார்க்கும். இதுதான் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது. என்ன செய்ய, இந்தப் பண்டத்தை வாங்கி உடைத்த பிறகுதான் தட்ட முடிகிறது! ஒரு பெயரில் ஐந்துக்கு இரண்டு தேறவில்லை. அந்தப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பிரயோஜனமில்லை, அடுத்த பெட்டியில் வேறு ஆலையின் சரக்கு இருக்கலாம். தேறிய தகட்டையும் எழுதிய டிரைவில் மட்டும் பார்க்காமல் வேறொன்றிலும் போட்டுப் பார்ப்பது உத்தமம்.

பிறகு காப்பாற்றும் விஷயம். மேலே சொன்ன கையேடு 20 டிகிரி உஷ்ணத்துக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்கிறது. சென்னையில் அது மார்கழி விடியற்காலையில் ஒரு மணி நேரம் சாத்தியம். நம்மால் முடிந்தது, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில், தகட்டின் முகத்தில் எதுவும் உராயாத கெட்டிப் பெட்டியில், புத்தகம்போல நிறுத்தி வைப்பது. பெண் மாப்பிள்ளை படத்தைக் காகிதத்தில் அச்சடித்து மேலே ஒட்டும் வழக்கம் அழகுதான். ஆனால் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் தகட்டின் மேல் ஒட்டுக்காகிதம் ஒரு பக்கம் கனத்தாலும் ஆபத்து, பிரிந்து வந்தாலும் ஆபத்து. தகட்டுக்கென்று விற்கும் பேனாவால், நடு வளையத்துக்கு அருகில், தேதியை எழுதினால் போதும்.

"இவ்வளவு பாடு எதற்கு, ஒரு பென்டிரைவில் போட்டுவிட்டால் ஆயிற்றே?" என்று அத்தையின் பெண் பெங்களூரிலிருந்து கேட்டாள். போடட்டும், நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பென்டிரைவைக் குழந்தை ஒரு விரலால் அழித்துவிடும், கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ் கெடுத்துவிடும், ஊர் மாற்றும்போது காணாமல் போய்விடும். ஒருமுறை எழுதிய தகட்டின் மேல் யாரும் இன்னொரு கல்யாணத்தை எழுத முடியாது.

இப்போது அத்தையிடம் ஒன்று, பெங்களூரில் ஒன்று என, இரண்டு வெவ்வேறு ஆலைகளின் தகடுகளில் அந்தக் கல்யாணம் இருக்கிறது. ஒரு சரக்கு முழுவதும் கெட்டாலும் மற்றது பிழைக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரில் போட்டு, ஓரம்வரை படிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டுமென்று சொன்னேன். அத்தை தானே நாள் குறித்துவிட்டாள். அத்திம்பேரின் சிராத்தத்துக்கு மறுநாள். பழைய தகட்டை மட்டும் குப்பையில் போடச் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வேறேதாவது ஒரு டிரைவில் வாத்தியாரின் தட்சிணைக் கணக்கும் ஒரு நாள் கிடைத்தாலும் கிடைக்கலாம்.