சிறு துகளின் பெரும்பயணம்

சூரியனின் துருவப் பகுதிகளை ஆராயும் பொருட்டு 1990 அக்டோபரில் யுலிசிஸ் விண்கலம் ஏவப்பட்டது. அதன் பாதையைத் திருப்ப வியாழனின் ஈர்ப்பு விசை தேவைப்பட்டது. எனவே, 1992 பிப்ரவரியில் அக்கலம் வியாழனை அணுகிக் கடந்தது. அக்காலத்தில் அதன் தூசி உணரி, எவரும் எதிர்பாராத ஒன்றைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 28 நாள்களுக்கு ஒருமுறை, வியாழனின் திசையிலிருந்து நுண்தூசி தாரையாக வந்து மோதியது.

வியாழனின் நிறை புவியைப்போல் ஏறத்தாழ 318 மடங்கு. அதன் மேகப் பரப்பிலிருந்து விடுபட விழையும் பொருள், வினாடிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகம் பெறவேண்டும். ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவே உடைய இத்துகள்களோ, வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் விரைந்தன. அவற்றுக்கு அவ்வாற்றலை அளித்தது எது?

வியாழனின் துணைக்கோளான அயோவில் எரிமலைகள் குமுறுவதை 1979ஆம் ஆண்டில் வாயேஜர் 1 காட்டியிருந்தது. தாரைகளின் பிறப்பிடம் அவ்வெரிமலைகளே என்பதைக் கலிலியோ விண்கலத்தின் பதிவுகள் பின்னர் உறுதிப்படுத்தின. எரிமலை உமிழ்ந்த தூசி, விண்வெளியிலுள்ள மின்துகள்களாலும் சூரியனின் புறஊதாக் கதிர்களாலும் மின்னூட்டம் பெறுகிறது. அயோ வியாழனைச் சுற்றிவர ஏறத்தாழ 42 மணி நேரம் ஆகும். வியாழனின் காந்தப்புலமோ, கோளோடு சேர்ந்து ஏறத்தாழ 10 மணி நேரத்தில் ஒருமுறை சுழல்கிறது. விரைந்து சுழலும் அப்புலம், நேர்மின்னூட்டம் பெற்ற துகளை வெளிப்புறமாகத் தள்ளுகிறது.

பெருந்துகள் இவ்வாறு தப்ப இயலாது. ஒரே மின்னழுத்தமுடைய இரு துகள்களுள் ஒன்றின் ஆரம் மற்றதன் ஆரத்தில் நூறில் ஒரு பங்கு எனக் கொள்வோம். சிறியதன் மின்னூட்டமும் நூறில் ஒரு பங்காகும். நிறையோ பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிவிடும். ஆதலால், நிறையோடு ஒப்பிடும்போது அதன் மின்னூட்டம் 10,000 மடங்கு மிகுதி. பெரியதை ஈர்ப்பு விசை ஆள்கிறது. சிறியதை மின்காந்த விசை ஆள்கிறது.

எனினும், சிறிதாயிருத்தல் மட்டுமே விடுதலை தருவதில்லை. மேலும் நுண்ணிய துகள், காந்தப்புலக் கோடுகளையே சுற்றிச் சுற்றி அவற்றுள் சிறைப்படும். ஈர்ப்பின் பிடிக்கும் காந்தத்தின் பிடிக்கும் இடைப்பட்ட அளவுடையதே வெளியேறும். இங்குத் துகளின் விதியை முடிவு செய்வது பருமன் அன்று. மின்னூட்டத்திற்கும் நிறைக்கும் உள்ள விகிதமே.

வியாழனை 2000 டிசம்பரில் கடந்துசென்ற காசினி விண்கலம் அத்துகள்களின் இயைபையும் ஆராய்ந்தது. அவற்றில் முதன்மையாக இருந்தது சோடியம் குளோரைடு. அன்றாடம் உணவில் இடும் உப்பு! அயோவின் மண்ணில் இதுவரை எந்தக் கலமும் இறங்கியதில்லை. எனினும், அதன் எரிமலைகள் எதை உமிழ்கின்றன என்னும் செய்தியை, கண்ணுக்குப் புலனாகாத ஒரு தூசி பல கோடி கிலோமீட்டர் சுமந்து வருகிறது.